பதினெட்டாம் பக்கம்

மும்பையில் ஏழு நிமிடம் தந்திருக்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பது.
நாற்பத்தேழுக்குள் நீர்நாய் கரையேறி
கல்லாவில் உட்கார்ந்தாக வேண்டும்.

அவள் பெயர் கோமு.
கொக்கிரகுளம் பாலத்தின் ஏழாவது வளைவுக்குக் கீழே
தொலைந்த சாமான் ஆபீஸ் நடத்துகிறாள்.
ஆற்றோடு போனதெல்லாம் அவளிடம் வரும்:
பாபநாசத்தில் பாவத்தோடு அவிழ்த்துவிட்ட வேட்டிகள்,
சேரன்மகாதேவிப் படித்துறையில் நழுவிய பல்செட்டு,
ஒற்றைச் செருப்பு.
ரசீது உண்டு. கையெழுத்துக்குப் பதில் மீன்வாடை.

இதை ஒரே வரியில் சொல்லணுமாம்.
இருபத்தாறு வரி எழுதி
இருபத்தாறையும் செய்யதலிக்கு அனுப்பினேன்.
'பதினாலாவது பரவாயில்ல.
ஆனா அதுல ஆறே இல்லையே, ஜெனோவா.'

போன வருஷம் சென்னையில் ஒருவர் கேட்டார்,
நீர்நாய் பூனையாக இருக்கலாமா,
பூனை என்றால் பொம்மை விற்குமே.
ஆறும் எந்த ஆறாகவும் இருக்கலாமா.
யோசிக்கிறோம் சார் என்றோம்.
திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லை.
கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கும்போது
'பூனை நீந்தாதுலா' என்றான்.

இந்த முறை குக்கர் வைத்துப் பழகுகிறேன்.
முதல் விசிலுக்குள் உலகம்,
இரண்டாவதுக்குள் கோமுவின் பயம்,
மூன்றாவதுக்குள் ஐம்பத்திரண்டு கதையும் பட்ஜெட்டும்.
மூன்றாவது கத்தும்போது நான்
இன்னும் பல்செட்டில் நிற்கிறேன்.
பருப்பு குழைந்து போயிற்று.

மேலப்பாளையம் மாடியில் செய்யதலிக்கு
மீசை அசைவுக்கு மட்டும் நான்கு ராத்திரி.
பகலில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறான்.
ஒரு பக்கத்தில் மணப்பெண்ணுக்கு அருகே
தவறிப்போய் கோமு நின்றுவிட்டாள்.
பெண்வீட்டார் ஒன்றும் சொல்லாமல்
வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிறு, பாளை மார்க்கெட் பக்கம்,
நம்பிராசன் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை.
நாற்பது பக்கம், வழவழத் தாள், கலர்.
பதினெட்டாம் பக்கத்தில் நீல மை தீர்ந்தது.
ஆறு செம்மண்ணாக வந்து விழுந்தது,
அங்கிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்.
மை நாளைக்குத்தான் வரும்.
வண்டிக்கு இரண்டு மணி நேரம்.

அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
'ஐப்பசியில இப்படித்தாம்மா ஓடும்.'
அடுத்த பக்கம். அதற்கடுத்தது.
ஆதார் நகலுக்கு மூன்று பேர் காத்திருக்க
இவர் தலையே நிமிரவில்லை.
'வெள்ளம் வந்துட்டே, இந்தப் பிள்ள
சாமானையெல்லாம் எங்க கொண்டு வைக்கும்?'

எங்கள் கதையில் வெள்ளமே இல்லை.
ஐம்பத்திரண்டில் ஒன்றில்கூட இல்லை.

இப்போது சைடு லோயரில் எதிரெதிரே
காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறோம்.
பல்செட்டைத்தான் முதலில் ஏற்றணும் என்கிறான்,
பெட்டி சின்னது, சட்டென்று அடித்துக்கொண்டு போகும்.
பாவ வேட்டிகளைத் திரித்துக் கயிறாக்கு,
பாலத்தின் மேல் கட்டு என்கிறேன் நான்.
பதினெட்டாம் பக்கத்தின் பின்புறம்
பென்சிலால் நிறைந்துவிட்டது.
அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை.

கடம்பூரில் வண்டி நிற்காது என்றார்கள்.
நின்றது.