பூச்சியக் காற்று

ஒவ்வொரு மீனுக்கும் முன்னால்
மூன்று நிமிடம் பெட்டிக்கு ஒன்றும் மணக்கக்கூடாது.
அதற்குப் பெயர் பூச்சியம்.
குருநகர் இறங்குதுறையில், விடிய ஐந்தரைக்கு,
ஒன்றும் மணக்காத காற்றுக்கு நான் எங்கே போக?
சிரட்டைக்கரி அடைத்த சோடாப் போத்தலுக்குள்ளால்
கரைக்காற்றை இழுத்து வடித்துக் கொடுத்தேன்.
அப்படியும் கொஞ்சம் கடல் தங்கியது.
பரவாயில்லை,
அதைக் கழித்துக்கொள்வேன் என்றது மென்பொருள்.

எட்டு உணரிகள், தீக்குச்சித் தலை அளவில்.
ஒரு புனல், மீன்தொட்டிக் குழாய்,
செத்துப்போன கணினியொன்றின் காற்றாடி.
மீனைப் புனலுக்குக் கீழே வைத்தால்
திரையில் எட்டுக் கோடுகள் ஏறும்.
எது எதன் கோடு என்று பெட்டிக்குத் தெரியாது.
அதைச் சொல்லத்தான் மெற்றில்டா,
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு,
தேத்தண்ணி தனி.

ஒரு பாரையைத் தூக்குவாள், முகத்தருகே கொண்டுபோவாள்,
கண்ணை ஒருதரம் மூடித் திறப்பாள்.
அவள் சொல்ல நான் தட்டுவேன்.
படிவத்தில் இருந்தவை
நன்று, நடுத்தரம், கெட்டது.
அவள் சொன்னவை
விடியப்புறத்து மீன்,
நேற்றைய மீன்,
ஐஸ் பொய் சொல்லுது,
வெடிலுக்கு முந்தின நாள்,
வெடில்.
மூன்றையும் அழித்து ஐந்தையும் வைத்தேன்.

வெடிலுக்கும் நாற்றத்துக்கும் என்ன வித்தியாசம் என்று
பேராசிரியர் தொலைபேசியில் கேட்டார்.
நாற்றம் ஒருகாலம் பூவோடும் இருந்த சொல், சேர்,
வெடில் பூப்பக்கம் போனதேயில்லை என்றேன்.
குறித்துக்கொண்டாரோ தெரியாது.

ஓரா, ஒட்டி, விளை, சூடை,
வாலில்லாத ஒரு திருக்கை.
எட்டாம் நாளே என் மூக்கு பழகி
வேலையை விட்டுவிட்டது.
அறுநூற்றுப் பன்னிரண்டாவது மீனில்
பத்துக்கு ஒன்பது தரம்
அவள் வாய் திறக்க முன்னமே பெட்டி சொன்னது.
நான் துள்ளினேன்.
மெற்றில்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மிஸ், ஒண்டு சொல்லுவன்,
காசைத் திருப்பிக் கேக்கக்கூடாது.
அந்தக் காய்ச்சல் வந்த வருசத்தோட
எனக்கு மணம் போட்டுது.
கறி கருகினாலும் தெரியாது.
நான் செவுளைத்தான் பாத்தன். கண்ணைப் பாத்தன்.
வயித்தில பெருவிரல் வைச்சன்.
மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனது
உங்களுக்காண்டி."

பெட்டியைப் பார்த்தேன்.
அந்த மேசையில் மூக்கென்று இருந்தது
அது ஒன்றுதான்.
அதன் சொல் ஐந்தும்
ஒரு பெருவிரலில் இருந்து வந்தவை.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று யோசித்துக்கொண்டிருக்க
அவள் தன் மணிக்கட்டைப் புனலுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்று நிமிடம், பூச்சியம்.
ஐஸ் லொறி ஒன்று பின்னுக்கு வந்து நின்றது.
இருவரும் பேசவில்லை.

நேற்றைய மீன். நூற்றுக்கு எழுபத்தெட்டு.

பெட்டிக்கு வேறு சொல் தெரியாது, மெற்றில்டா,
மல்லிகையை வைத்தாலும் மீன் என்றுதான் சொல்லும்,
அவசரமாக விளக்கினேன்.
"இருக்கட்டும் மிஸ்.
பஸ்ஸில பக்கத்தில இருந்தவை
எழும்பி அங்கால போகேக்கை
நூத்துக்கு எத்தினை எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."
பிறகு, "இப்ப நீங்கள் வையுங்கோ."

அன்று வெள்ளிக்கிழமை.
கோண்டாவிலில் எங்கள் வீட்டில் சைவம்.
படலையடியில் செருப்பைக் கழற்றி,
கிணற்றடியில் தலைக்கு வார்த்துத்தான்
உள்ளே போகிறேன் இந்த இரண்டு மாதமும்.
வைத்தேன்.

நேற்றைய மீன். நூற்றுக்கு எண்பத்தொன்று.

மூன்று கூட, என்று சிரித்தாள்,
ஏலம் கூறுகிறவர்கள் திரும்பிப் பார்க்க.

இரண்டு வரிகளையும் தரவிலிருந்து நீக்கவேண்டும்.
மாதிரி வகை என்ற கட்டத்தில்
சுட்டி மினுங்கிக்கொண்டே நின்றது.
போத்தலைத் திருகி
மூன்று நிமிடம் வடித்த காற்று விட்டோம்.
அடுத்தது ஒரு சீலா.