ஏழாம் நம்பர் கல்

கல் வாங்க வந்தவர் மவுரோ.
மூன்று நாளாய் யார்டில் சுத்தியலால் தட்டித் தட்டி
பதினொரு பிளாக்கைக் கழித்துவிட்டார்.
"மயிர் விரிசல்" என்று முதலாளிக்கு
மொழிபெயர்த்துச் சொன்னது நான்.

ஞாயிறு வேலையில்லை.
ராயக்கோட்டை மலை பார்க்கலாமே என்றேன், பேச்சுக்கு.
தொப்பியோடு கிளம்பி நின்றார்.

பாதி மலையில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
அவர் ஊரும் மலைமேல்தானாம், இத்தாலியில்.
பால் வாங்கப் போனால் இருநூற்றுப் பன்னிரண்டு படி,
மணிக்கூண்டு ஏற டிக்கெட்,
கோடையில் ஊராரைவிடக் கேமராக்கள் அதிகமாம்.
"நீ இங்கே எத்தனை முறை?"
முதல் முறை என்றேன்.
பஸ் ஜன்னலில் தினமும் பார்ப்பதைச்
சேர்க்கலாமா தெரியவில்லை.

மேலே சுனையில் பச்சைத் தண்ணீர்.
மதிலில் வெள்ளைப் பெயிண்டில் குமரேசன் காதல்,
அவள் பெயரை மட்டும் யாரோ சுரண்டியிருந்தார்கள்.
மவுரோ விரல் முட்டியால் மதிலைத் தட்டினார்,
காது வைத்தார்,
மறுபடி தட்டினார்.

கொஞ்சம் தள்ளி, பாறை விளிம்பில்
வரிசையாய் உளிக்குழிகள்.
எங்கள் குவாரியில் நேற்று அடித்ததுபோல.
ஒன்பது குழி. பத்தாவது பாதி.
கல் பிளக்கவில்லை.
யார் கழித்தார்களோ,
கூலி வரவில்லையோ,
சண்டை வந்ததோ.
அந்தப் பாதிக் குழியில் விரலை விட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போது பேச்சில்லை.
தக்காளி மண்டியருகே டீ.
கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:
"அந்த ஏழாம் நம்பரை
நாளை இன்னொரு தரம் தட்டுவோம்."

மொழிபெயர்க்க
அங்கே யாரும் இல்லை.