மூன்றாம் நாள் தட்டு

வெளிச்சம் பார்க்க ஏலாதென்று
கறுப்புக் குடையை முகத்துக்குச் சாய்த்தபடி
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்தவள்.
ரிஸ்மினா. வயது இருபத்திரண்டு. வலக் கண்.

கிளினிக் துண்டில் ஏற்கெனவே மூன்று கையெழுத்து.
வைரஸ் என்றது முதலாவது.
பங்கசாயிருக்கலாம் என்றது அடுத்தது.
மூன்றாவதில் மருந்தின் பெயர் மட்டும்.
ஐந்து கிழமையாய் எல்லாம் விட்டும்
இரவில் தலையைச் சுவரில் முட்டுகிறாளாம்.

புண் சின்னன், வலி பெரிசு.
அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை
டொக்டர் பிரியவதனிக்கு.
பிளவு விளக்கின் கீழே கருவிழியில்
தேத்தண்ணிக் கோப்பை வைத்தெடுத்தாற்போல்
வெளிறிய வளையம்.

"லென்ஸ் போடுறனீங்களா?"
"இல்ல."
கூட வந்த நானாவை
மருந்துத் துண்டு பதிய அனுப்பிவிட்டுத்
திரும்பக் கேட்டார்.
கல்யாண வீட்டுக்கு வாங்கினது, தேன் நிறம்,
இரண்டு நாள்தான்.
பிறகு இன்னும் கொஞ்ச நாள்.
கழுவுற மருந்து முடிஞ்சிட்டு.
கிணத்துத் தண்ணிக்குள்ள, போத்தல் மூடியில.

என் மேசைக்கு வந்தது
கருவிழியில் சுரண்டிய துணுக்கு,
குருணையில் பத்திலொன்று.
சத்தில்லாத அகார் காய்ச்சி ஊற்றி
மேலே குடல் பாக்டீரியா பூசி
நடுவில் வைத்தேன்.
பசித்தால் வெளியே வரட்டும்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் கரண்ட் போய் வந்தது,
ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் காலை
பூசிய வெளியெல்லாம் தடங்கள்.
கோட்டைப் பக்கம் மான்கள்
இரவிரவாய் மேய்ந்துபோன புல்லைப்போல
வளைந்து, நின்று, திரும்பி,
தின்ற வழி துலக்கமாய்.
தடத்தின் முடிவில் அது:
வெளிச்சுவர் சுருங்கி,
உட்சுவர் நட்சத்திர மூலைகளாய்.
சொட்டு விட்ட ஐந்து கிழமையும்
கதவைப் பூட்டிக்கொண்டு
உள்ளேயே இருந்திருக்கிறது.

சந்தோசப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.
நான் போட்ட சத்தத்துக்குப்
பக்கத்து மேசைத் துஷார ஓடிவந்து
அவனும் பார்த்துச் சிரித்தான்.
இது ஒருத்தியின் கண்
என்ற ஞாபகம்
கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ரிப்போர்ட்டில் இடம் காணவில்லை.
அகாந்தமீபா என்ற பெயர்
கட்டத்தைத் தாண்டிப் போனது.
மணிக்கொரு தரம் சொட்டு, இரவும் பகலும்,
மாதக் கணக்கில்;
மருந்து கொழும்பிலிருந்து வரவேணும்.
பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று
ஒருவரும் எழுதவில்லை.

கதவடியில் நானா கேட்கிறார்:
"எதால மிஸ் வந்த இது?"
குடைக்குக் கீழிருந்து
இடக் கண்ணால் என்னையே பார்க்கிறாள்.

"தண்ணியால," என்றேன்.
அது பொய்யில்லை.