இரண்டு சமான்

தெலுக் இந்தான் ஏஜெண்டு விரல் மடக்கிச் சொன்னார்:
வேலைத் திறன் வழியாகப் போனால்
பரீட்சை, புள்ளிக் கணக்கு, நாலைந்து வருஷம்.
பார்ட்னர் விசா என்றால் சீக்கிரம்.
அதிலும் ரொம்ப நாள் உறவென்று காட்டிவிட்டால்
இடையில் தற்காலிகம்கூட இல்லை,
நேரே பிஆர்.
"மூணு வருஷமாவது காட்ட முடியுமாம்மா?"

ஒன்பது, என்றேன்.

"அப்ப என்ன கவலை" என்று
பட்டியலை என் பக்கம் தள்ளினார்.
சேர்ந்து எடுத்த படங்கள்.
இருவர் பெயரிலும் ஒரு பேங்க் கணக்கு.
குறுஞ்செய்திகள், மாதவாரியாக.
உங்களை ஜோடியாகப் பார்த்ததாகச்
சத்தியம் செய்ய நாலு பேர்.

செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா நான்.
லோரி உள்ளே வரும்போது ஓர் எடை,
குலையைக் கொட்டிவிட்டுப் போகையில் ஓர் எடை.
பதினோரு வருஷத்தில்
எதையும் எழுதாமல் விட்டதில்லை,
தனசீலனைத் தவிர.

என் கைப்பேசியில் அவன் பெயர்
'கேஸ் தோங் கடை'.
தினமும் பதினொன்றரைக்கு
அன்றைக்குப் பேசியதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் படுப்பேன்.
பசார் மாலாமில் அவன் அப்பம் பாலிக் வரிசை,
நான் எதிரே சோளக் கடை.
முதுகோடு முதுகு பேசிக்கொள்வோம்.
ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெரு
ஒரு தும்மல் நீளம்.
அப்பளசாமி மகள் யாரோடு நின்றாள் என்பது
கோழிக்கடையில் புறப்பட்டு
எங்கள் அடுப்படிக்கு வர
அரை மணி நேரம் அதிகம்.
அம்மாவுக்கு அவர்கள் 'அரவவாள்ளு'.
அவன் அம்மாவுக்கு நாங்கள் என்ன என்று
அவன் சொன்னதே இல்லை.

அவன் பெர்த் போனான்.
போன மார்ச்சில் வந்து பதிவு செய்துகொண்டோம்.
அப்பா வந்தார், கையெழுத்துப் போட்டார்,
சாப்பிடாமல் போனார்.
அந்த ஒரு நாளின் படங்கள் நாற்பத்தேழு இருக்கின்றன.
அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறோம்.

"எங்கேயாவது ஏதாவது மாட்டியிருக்கும், யோசி"
என்றான் போனில்.
மாட்டியிருந்தோம்.
எட்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட்,
சுங்கை சுமுன் போகும் வழியில் ரோட் பிளாக்.
அவனுக்கு, ரோட் டேக்ஸ் காலாவதி.
எனக்கு, ஹெல்மெட் இல்லை.
இருந்தது. மடியில் வைத்திருந்தேன்.
அன்றைக்கு ஒரு நாள் காற்று வேண்டியிருந்தது.

இரண்டு சமான், அடுத்தடுத்த எண்கள்.
மாலை 4.52, மாலை 4.54.
ஒரே மோட்டார், ஒரே சார்ஜனின் கிறுக்கல்.
நாங்கள் சேர்ந்திருந்தோம் என்று
ஓர் அரசாங்கம் எழுதி வைத்த
ஒரே வாக்கியம்.

கவுண்ட்டரில் இரண்டு ஐசி எண்ணையும் கொடுத்தேன்.
அந்தப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு,
ஆணுடையது நிலுவை, நூற்றைம்பது வெள்ளி, என்றாள்.
என்னுடையதைத் திரும்பவும் தட்டினாள்.
"சுடா பாயார், காக்."
கட்டியாகிவிட்டது,
அதே வருஷம், செப்டம்பர் ஒன்பது.

நான் கட்டவில்லை.

வீட்டுக்கு வந்து
யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னேன்.
அப்பா செய்தியின் சத்தத்தைக் குறைத்தார்.
டிவிக்குக் கீழே
இன்சூரன்ஸ், ஆஸ்ட்ரோ பில் கிடக்கும் கோப்பிலிருந்து
உருவினார்.
ரசீதில் மை வெளுத்திருந்தது.
என் எண்ணும், வண்டி எண்ணும்
சாய்த்துப் பிடித்தால் தெரிந்தன.

எட்டு வருஷம்.
அந்த டிவிக்கு முன்னால்தான்
ஆலையில் ஓவர்டைம் என்று
எத்தனை இரவு சொல்லியிருப்பேன்.

"ஒரிஜினலே கேட்பாங்களா,
போட்டோஸ்டேட் போதுமா?"
என்றார்.
சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அவனுடைய நூற்றைம்பதை
நாளைக்கு நான்தான் கட்ட வேண்டும்.