கள்ளக்கடல்

மத்தியானம் மூன்று மணிக்கு
ததேயுவின் போனில் குறுஞ்செய்தி:
அலை உயரம் ஒன்று புள்ளி எட்டு முதல்
இரண்டு புள்ளி மூன்று மீட்டர்.

மீட்டர் எனக்குப் பிடிபடாது.
ஒன்று புள்ளி எட்டு என்றால் துவைகல்.
இரண்டு என்றால் கோழிக்கூட்டின் கீழ்ப்பலகை.
இரண்டு புள்ளி மூன்று எங்கே வரும் என்று
கூட்டப்பனையில் யாருக்கும் தெரியாது.

காத்து இல்லை.
தென்னையில் ஓர் ஓலை அசையவில்லை.
மேற்கே, தேரிக்கு அந்தப்பக்கம்
காத்தாடிகள் கை விரித்து நிற்கின்றன,
பெரிய வெள்ளி முடிந்தும் இறக்காத சிலுவைகளாய்.

கச்சான் என்றால் கதவைச் சாத்தலாம்.
கொண்டல் என்றால் கூரைக்குக் கல் வைக்கலாம்.
வாடைக்கு வலையைச் சுருட்டலாம்.
காத்தே இல்லாத அன்றைக்கு
எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது?

"கடல் எண்ணெ கணக்கா கெடக்கு, பயப்படாத"
என்று சொல்லிக்கொண்டே
எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து
கோயில் பின்சுவருக்குக் கொண்டுபோனார் ததேயு.
வாய் ஒன்று சொல்லும்,
தோளுக்கு வேறு புத்தி.

ஜெனிபாவின் சர்டிபிகேட்டுகளை
துணிக்கடைக் கவரில் சுற்றி உத்திரத்தில் கட்டினேன்.
அரிசி ட்ரம்மைக் கட்டிலில் ஏற்றினேன்,
கட்டிலைச் செங்கலில் ஏற்றினேன்.
ரெகுலேட்டரைக் கழற்றினேன்;
சிலிண்டரை விட்டுவிட்டேன்.
அவ்வளவு கனம், தானாக எங்கே போகும்?

இரவு பதினொன்றரை.
அலை என்றால் இரைந்து வரும், உடையும், நுரை தள்ளும்.
இது வீட்டுக்காரி மாதிரி நடந்து வந்தது.
வாசல் தாண்டி, நேரே அடுக்களைக்குப் போய்
சட்டிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தது.
"ஏட்டி, எந்திரி" என்று அவர் உலுக்கும்போது
என் செருப்பு
கட்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

கெபி மேட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது.
யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள்.
யாரோ ஜெபமாலை தொடங்கி
மூன்றாவது மணியிலேயே தூங்கிப்போனார்கள்.
மேலே நிலா முழுசாய்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

விடியும்போது வத்தம்.
வீட்டுக்குள் ஒரு சாண் மணல்.
உப்பு ஜாடிக்குள் உப்புத் தண்ணீர்.
அடுப்பு மேடையில் ஒரு நண்டு
தீப்பெட்டிக்குக் காவல்.
சிலிண்டர் இல்லை.

கித்தேரி வீட்டோடு மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
நடுச்சுவரை ஒரு முழம் தள்ளிக் கட்டியது யார்
என்பது பங்குச்சாமி வரை போன வழக்கு.
அந்தச் சுவரில் இப்போது
மூன்று கல் மிச்சம்.

எங்கள் சிலிண்டர் அவள் முற்றத்தில்
முருங்கையைக் கட்டிக்கொண்டு நின்றது.
அவளுடைய இட்லிக் கொப்பரை
எங்கள் கட்டிலுக்கு அடியில்.

கித்தேரி என்னைப் பார்க்கவில்லை.
சேலையைச் செருகிக்கொண்டு, உருட்டிவந்து
சுவர் இருந்த இடத்தில் நிமிர்த்தினாள்.
"வாஷர் போயிருக்கு" என்றாள்
சிலிண்டரிடம்.
நான் கொப்பரையைக் கழுவி வைத்தேன்.
"தட்டு ஒண்ணு குறையுது" என்றேன்
கொப்பரையிடம்.

பத்து மணிக்குத் திசையன்விளையிலிருந்து
டேப்போடு ஒருவர் வந்தார். சின்னப் பையன்.
ஷூவைக் கையில் பிடித்தபடி சொன்னார்:
இந்தத் தண்ணீர் இங்கே கிளம்பினது இல்லம்மா.
தெற்கே, ரொம்பத் தெற்கே, ஆளில்லாத கடலில்
ஐந்து நாளைக்கு முன்னால் அடித்த காத்து.

ஐந்து நாளைக்கு முன்னால் என்றால் ஞாயிறு.
பூசை முடிந்து வந்து
சாளைக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.
அம்மியை நான் கழுவுவதற்குள்
அங்கே புறப்பட்டிருக்கிறது.
வழியில் எத்தனை தீவில் நின்று கேட்டதோ
எஸ்கலின் வீட்டு அடுக்களை எந்தப் பக்கம் என்று.

பையன் நோட்டைத் திறந்தார்.
"உங்க எல்லை எதுவரைக்கும்?"

நானும் கித்தேரியும்
ஒரே நேரத்தில் கை நீட்டினோம்,
ஒரு முழ வித்தியாசத்தில்.