ஒன்பதாவது கல்

உப்பு விற்ற கணக்கு ஒரு புத்தகம்,
சொல் வாங்கிய கணக்கு இன்னொன்று.
இரண்டையும் எழுதியவன் நான்தான்:
திருப்பாலைக்குடி மீரா நயினா,
உப்பூர் அளத்து ரைட்டர்,
மாதம் ஏழு ரூபாய்.

பெவன் துரையை இங்கிலீஷ்காரர் என்றால்
மூக்கு சிவந்துவிடும்.
அவர் வேல்ஸ் சாதி, கெல்ட்டு வம்சம்,
இங்கிலீஷ்காரன் வருமுன்னே அந்தத் தீவில் குடியிருந்தவர்கள்.
நூஹு நபியின் பேரன் கோமர்
கிழக்கேயிருந்து நடந்து நடந்து
மேல்கடல் மறித்த இடத்தில் உட்கார்ந்தானாம்.
வழியெல்லாம் சிந்திய சொற்கள்
பொறுக்குவாரின்றிக் கிடக்கின்றனவாம்.
எங்கே என்றேன்.
பூட்ஸ் காலால் எங்கள் மணலைத் தட்டினார்.

முதலில் அகப்பட்டது அளம்.
அவர் ஊரில் உப்புக்கு ஹாலென்.
அன்று ராத்திரி துரை தூங்கவில்லை,
பங்கா இழுத்த பையனும் தூங்கவில்லை.
அடுத்து தணல். அவர்கள் நெருப்பைத் தான் என்கிறார்கள்.
அடுத்து காடு, அங்கே கோய்ட்.
ஒத்துவரும் சொல் ஒன்றுக்குக் காலணா என்றார்.
ஒரே மாதத்தில் உப்பூர் முழுக்கப் புலவர்கள்.

செம்பாயிக்கு உப்பு தின்ற பாதம், கூர்மையான காது.
துரை கடலைக் காட்டி மோர் என்றதைக்
கேட்டுவைத்துக்கொண்டு மறுநாள் வந்தாள்.
"நாங்களும் மோருன்னுதாங்க சொல்றது.
பாற்கடலக் கடஞ்சாகளே,
கடஞ்ச பொறவு மிஞ்சுனது என்னவாம்?"
காலணா கொடுத்தார். பதிந்தேன்.
பதிவதற்குத்தான் சம்பளம்,
நம்புவதற்கு இல்லை.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன்:
"எங்கள் கிடங்கு மலாய்க்குக் கப்பலேறி
குடோனாக உங்கள் வாயில் திரும்பி வந்தது.
அதனால் நீங்கள் எனக்கு மச்சானா?"
சிரித்தார். "சொல்லைக் கடன் வாங்கலாம் நயினா,
எண்ணிக்கையை எவன் கடன் வாங்குவான்?"
எண்ணுங்கள் என்றேன்.
ஈன், தய், த்ரீ, பெட்வார், பிம்ப்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
விளக்கைச் சுற்றிய ஈசல் இறகுதிர்க்கும்வரை
இருவரும் பேசவில்லை.

தை அமாவாசைக்குக் கூட்டம் பார்க்க
தேவிபட்டினம் போனோம்.
கடலுக்குள் ஒன்பது கல், இடுப்பளவுத் தண்ணீர்.
கனபாடிகள் ஒருவர் யாத்திரிகர்களைச்
சுற்றவைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.
துரை கரையில் நின்று வாய்க்குள் எண்ணினார்.
சதுர் என்றார் அவர், பெட்வார் என்றார் இவர்.
பஞ்ச. பிம்ப்.
ஸப்த. ஸைத்.
ஒன்பதாவது கல்லில் அவர் நவ,
இவர் நௌ.
இரண்டு வாயும் ஒரேபோல் குவிந்து நின்றதை
நான் பார்த்தேன், அல்லா சாட்சி.

கனபாடிகளும் பார்த்தார்.
மிலேச்சன் மந்திரத்தைக் கேலி செய்கிறான் என்று
முகம் திருப்பி மறுபடி முழுகினார்.

தேடியது கிடைத்த மனிதர் குதிக்க வேண்டாமா?
ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார்.
தண்ணீர் கேட்டார். சத்திரத்தில்
எங்கள் இருவருக்கும் சொம்பு கிடையாது.
வெகுநேரம் கழித்து,
"அப்போது செம்பாயி?" என்றார்.
அந்தக் கேள்விக்கு என் புத்தகத்தில் பத்தி இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார்.
இருநூற்றுப் பன்னிரண்டு சொல்,
மூன்று ரூபாய் ஐந்தணா;
சாக்கு தைத்த கூலியில் ஏற்றினேன்.
அளத்தின் மேல் பேனாவை வைத்தபோது மட்டும்
கையைப் பிடித்தார், பிறகு விட்டார்.

ஆனி வெயிலில் பாத்தி வெளுத்து,
செம்பாயி பலகையால் இழுக்க இழுக்க
வெண்ணெய்போல் திரள்கிறது.
மோர் என்ற வரியை நான் அடிக்கவில்லை.
அவள் காலணாவுக்குச் சரக்கு இருக்கிறது.