பன்னிரண்டு பத்து

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
என் அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு காத்தாடி,
ஒரு றேடியோ.
அன்றைக்குக் கடலில் பதினேழு படகு.

பன்னிரண்டு பத்துக்கு
நூர்மதி-இரண்டின் தண்டல் முஸம்மில்
கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:
"சூரை நானூறு கிலோ, அறக்குளா..."
அறக்குளாவோடு அறுந்தது.

வழக்கமான இரைச்சலும் இல்லை.
யாரோ கடல்மேல்
ஈரச் சாக்கைப் போட்டு மூடியதுபோல.
அலைவரிசை மாற்றினேன், அன்டனா வயரை ஆட்டினேன்,
பதினேழு பெயரையும் கூப்பிட்டேன்.
பதினேழும் சாக்குக்குள்.

வெளியே அதே வெயில்.
கருவாட்டுப் பாயில் அதே காகம்.
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை,
பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

நீர்கொழும்புப் பயிற்சியில் சொன்னதைக்
கொப்பியில் எழுதிவைத்திருந்தேன்
(பரீட்சைக்கு வரவில்லை):
சூரியன் கட்டியான பொருளில்லை.
இடுப்பு இருபத்தைந்து நாளில் ஒரு சுற்று,
தலைமாடும் கால்மாடும் பத்து நாள் பிந்தும்.
இந்த இழுபறியில்
உள்ளே ஓடும் காந்தக் கோடுகள் முறுகும்.

நைலோன் கயிற்றை
அளவுக்கு மேல் முறுக்கிப் பாருங்கள்,
தானாகவே கொக்கி விழுந்து எழும்பும்.
அப்படித்தான் அங்கேயும்,
வளைவு வளைவாக,
கால் ஊன்றிய இடம் கறுத்துப்போக.
அந்தக் கறுப்புக்குள்
கடலும் கரையுமாக முழுப் பூமியும் அடங்கும்.
நாள்கணக்காய் முறுக்கு ஏறும்.
வெயிலில் ஒரு துளி கூடாது, குறையாது.

சம்மாட்டி இஸ்மாலெவ்வை
ஒன்பது நாளாகச் சிரித்த முகத்தோடுதான்
வாசலால் போய் வந்தார்.
மூன்று ஓட்டம் நட்டம். இஞ்சின் கடன்.
மகளின் காப்பு வங்கியில்.
எல்லாருக்கும் தெரியும், எவரும் கேட்கவில்லை.

"மெசினைப் பழுதாக்கிப்போட்டியா?"
"சூரியனில் ஒரு வெடிப்பு, சம்மாட்டி. கொஞ்சம் பொறுங்க."
"சூரியனா?" என்றார்.
பிறகு மேசையில் அடித்தார்.
என் தேநீர் லொக் புத்தகத்தில்.

அவர் கத்தி முடிக்கும்வரை
மேலே நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன்:
எதிரெதிராய் நெருங்கிய இரண்டு கோடு
வெட்டுப்பட்டு,
இதன் பாதி அதன் பாதியோடு பொருந்தி
கட்டையாகும்.
மிச்ச முறுக்கெல்லாம் ஒளியாய்ப் பாயும்,
வாரங்களின் கணக்கு நிமிடங்களில் தீரும்.
இங்கே வர எட்டு நிமிடம்.
வெடித்த சேதியை முந்திக்கொண்டு
எதுவும் வர ஏலாது.
சேதியும் அடியும் ஒரே ஒளியில் வரும்.
எண்பது கிலோமீற்றர் உயரத்தில்
மெல்லிய காற்று அந்த அடியை வாங்கிக்கொள்ளும்,
மேலே போய்த் திரும்பவேண்டிய குரல்களை
அதுவே தின்றுவிடும்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு
முதலில் இரைச்சல் வந்தது.
இவ்வளவு இனிய இரைச்சலை
நான் கேட்டதில்லை.
பிறகு முஸம்மில், எதுவும் அறியாமல்:
"...அறக்குளா அறுபது. கேக்குதா?
என்ன, ஆரும் இல்லையா அங்க?"

இஸ்மாலெவ்வை கதிரையில் அமர்ந்தார்.
கல்குலேற்றரில் அறுபதைப் பெருக்கினார்,
அழித்தார், திரும்பப் பெருக்கினார்.
பிறகு தன் சால்வையால்
என் மேசையைத் துடைத்தார்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லொக் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
தேநீர்க் கறை பாதியை எடுத்திருந்தது.
மிச்சத்தில் 'சூரியன்' என்று எழுதி
நேரம் போட்டுக் கையொப்பம் வைத்தேன்.